அத்தையின் பல்லுக்கு என்ன நிறம் பூசுவது?

பாலக்கோடு தூரிகை கேட்கிறார்:

வணக்கம். நான் முழுநேர ஓவியன் அல்லன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள் வகுப்பு. மற்ற நேரத்தில் கடைப் பலகை எழுதுவேன், கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் மணமக்கள் பெயர் வெட்டுவேன், எப்போதாவது ஒரு முகம் வரைவேன். அந்த எப்போதாவது ஒரு முகத்தில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் அத்தை மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வீடு கட்டி முடித்துவிட்டார். தை மாதம் புதுமனை புகுவிழா. கூடத்தில் மாட்டுவதற்கு அத்தையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரச் சொன்னார். இரண்டடிக்கு ஒன்றரையடி கேன்வாஸ். பணம் வேண்டாம் என்றேன். ஐயாயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். திணித்தவர் மச்சான் என்பதால் திருப்பியும் கொடுக்க முடியவில்லை.

அத்தை பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பென்னாகரம் பக்கம். மேல்வரிசை முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டை. இடது முன்பல்லில் மிளகளவு ஒரு பள்ளமும் உண்டு. எங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தண்ணீர் செய்த வேலை. அத்தை சிரித்து ஒரு புகைப்படம்கூட எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் கல்யாண ஆல்பத்தில் பதினோரு படங்களில் இருக்கிறார். ஏழில் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறார், நான்கில் முந்தானை வாயை மறைக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போன பங்குனியில் அத்தை வீட்டுத் திண்ணையில் எல்லோரும் புளி தட்டிக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு ஏழு வயது. கொட்டாப்புளியால் தன் விரலையே தட்டிக்கொண்டு, அழாமல், கொட்டாப்புளியைத் திட்டினாள். அத்தைக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்தக் கை மேலே வந்தது. ஆனால் இரண்டு கையிலும் புளி அப்பியிருந்ததால் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த நொடியில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்த்துத்தான் வரைகிறேன். நெற்றி, கன்னம், கழுத்துக்கெல்லாம் அத்தையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார வைத்து நேரில் பார்த்து வரைந்தேன். வாய் மட்டும் படத்தைப் பார்த்து.

பாதி முடிந்ததை மச்சானுக்கு அனுப்பினேன். "முகம் அப்படியே அம்மா. பல்லை மட்டும் வெள்ளையாக்கிவிடு" என்றார். பற்பசை விளம்பரம் மாதிரி வேண்டாம், சாதாரண வெள்ளை போதுமாம். வீட்டுக்கு வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

ஓவியத்தின் மேல் கண்ணாடித்தாளை ஒட்டி, அதில் வெள்ளைப் பல்லை வரைந்து பார்த்தேன். நகைக்கடை நாட்காட்டியில் வருகிற மாமி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி எட்டிப் பார்த்து, "அத்தை எப்போது பல்செட் கட்டினார்?" என்று கேட்டாள்.

கேட்க நினைப்பது இரண்டு. ஒன்று, நான் என்ன செய்வது? இரண்டு, தொழில் சார்ந்த சந்தேகம். நான் பூசிய பழுப்பு, வெற்றிலைக் கறை போலத்தான் தெரிகிறது. அத்தை வெற்றிலை போடுகிறவரே அல்லர். பல்லுக்கு மேல் ஒட்டிய அழுக்காக இல்லாமல் பல்லோடு பிறந்த நிறமாக அதை எப்படிக் கொண்டுவருவது?

பழைய பேனர்க்காரன், கிருஷ்ணகிரி:

தம்பி, முன்பணம் வாங்கினாயா இல்லையா? வாங்கிவிட்டாய். அப்புறம் என்ன கேள்வி? வெள்ளையடித்துக் கொடு.

நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன். சினிமா பேனர், கட்சி பேனர், சாவு வீட்டுப் படம் எல்லாம் வரைந்தேன். ஃபிளெக்ஸ் இயந்திரம் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும் வரை கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தைச் சுற்றி என் கை படாத சுவர் குறைவு. சாவு வீட்டுப் படத்துக்கு என்ன கொண்டுவருவார்கள் தெரியுமா? ரேஷன் கார்டில் இருக்கிற தபால் தலை அளவுப் படம். அதில் கட்டம் போட்டு இரண்டடிக்குப் பெரிதாக்க வேண்டும். கண்ணே தெரியாது, நாமே கண் வைக்க வேண்டும். மாறுகண்ணை நேராக்கு என்பார்கள், நேராக்குவேன். வழுக்கைக்கு முடி வை என்பார்கள், வைப்பேன். வாழ்நாளெல்லாம் கோவணம் கட்டி ஏர் ஓட்டியவருக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறேன். ஒருவரும் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது, எனக்குக் கூலி கிடைத்தது.

என் அப்பா படத்தையும் நான்தான் வரைந்தேன். அவருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வெளிச்சம், ஒரு நிழல் வைக்க வேண்டும், கண் வலிக்கிற வேலை. காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வழவழவென்று பூசி முடித்துவிட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. கன்னத்தில் மூன்று குழி ஒன்றாகச் சேர்ந்து ஓர் இலை மாதிரி இருக்குமே, அது இடது கன்னமா வலது கன்னமா என்று நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

அதற்காக நீ வெள்ளையடிக்காதே என்று சொல்லவில்லை. அடித்துக் கொடு. உனக்கு வேண்டுமானால் இன்னொன்று வரைந்து பெட்டியில் வைத்துக்கொள்.

பென்னாகரத்துக்காரி:

இந்த இழையைப் பார்த்ததும் பதில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதுகிறேன்.

எனக்கும் அதே பல். பிறந்த ஊரில் ஒரே ஓர் அடிபம்பு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. ஃபுளோரைடைத் தண்ணீரில் கரைத்துவிடுகிற எங்கள் பாறைக்கு அது தெரியாது. பல்லின் மேல்பூச்சு உருவாவது குழந்தைப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அதற்குள் குடித்த தண்ணீர்தான் பல்லில் எழுதிவிடுகிறது. அதன் பிறகு சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல்தான் வந்தது. எங்கள் தலைமுறை அதற்கு முன்பே வளர்ந்துவிட்டது.

பள்ளியில் படிக்கும்போது கேமராவோடு ஆட்கள் வருவார்கள். எங்களை வரிசையில் நிற்க வைத்து "வாயைத் திற" என்பார்கள். யார், எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல நோக்கத்தோடுதான் வந்திருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. ஆனால் மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். பெண் பார்க்க வந்தபோது என் சித்தி காதோடு சொன்னது, "கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டு." ஊமையோ என்று மாப்பிள்ளை வீட்டில் சந்தேகப்பட்டது தனிக்கதை.

வேலைக்குப் போய், கோயம்புத்தூரில் நான்கு பல்லுக்கு உறை போட்டுக்கொண்டேன். ஆறு வருடம் ஆகிறது. சிரித்தால் இன்னமும் கை தானாக வாய்க்குப் போகிறது. கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். மச்சான் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், உங்கள் மனைவிகூடப் பேசுகிறார். அத்தை எங்கே? கையில் புளி இருந்ததால் பொத்த முடியாமல் போன ஒரு நொடியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது அவர் கொடுத்ததில்லை. வெள்ளையடிப்பதா வேண்டாமா என்று எங்களைக் கேட்கிறீர்களே, அவரிடம் படத்தைக் காட்டினீர்களா?

இரண்டாவது கேள்விக்கு மட்டும் உதவி செய்கிறேன். முப்பது வருடம் கண்ணாடியில் படித்த பாடம் இது. வெற்றிலைக் கறை ஈறு ஓரத்திலும் இரண்டு பல்லுக்கு நடுவிலும் சேரும். எங்கள் கறை அப்படி இல்லை. பல்லின் முகத்தில் குறுக்குக் கோடாக ஓடும். இந்தப் பக்கத்துப் பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஜோடிப் பல்லிலும் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே வயதில் உருவான பற்கள். பழுப்பைச் சுற்றிச் சுண்ணாம்பு போன்ற ஒரு வெள்ளையும் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

கோட்டோவியன்:

பென்னாகரத்துக்காரி சொன்னதற்குப் பிறகு தொழில் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன கடைசி வரிகளில்தான் உங்கள் சிக்கலுக்கு விடையே இருக்கிறது.

பல்லை வெள்ளையில் தொடங்காதீர்கள். வாய் என்பது ஒரு குகை. மேலுதட்டின் நிழல் பல்லின் மேல் பாதியில் விழும். டைட்டானியம் வெள்ளையில் மஞ்சள் காவியும் கொஞ்சம் ரா அம்பர் என்ற மண்பழுப்பும் கலந்து மங்கலான ஒரு நிறத்தில் வரிசை முழுவதையும் ஒரே திட்டாகப் பூசுங்கள். பல்லுக்குப் பல் கோடு கிழிக்க வேண்டாம், கிழித்தால் சீப்பு மாதிரி ஆகிவிடும். அது நன்றாகக் காயட்டும். பிறகு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஆளி விதை எண்ணெயில் நீர்க்கக் கரைத்து, கண்ணாடி போல மெல்லிய ஒரு பூச்சு, குறுக்குவாட்டில். அடிநிறம் ஊடே தெரிவதால் பழுப்பு பல்லுக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றும். நீங்கள் கெட்டிப் பழுப்பை மேலே வைத்திருப்பீர்கள், அதனால்தான் அழுக்காகத் தெரிகிறது. இன்னொன்று, நல்ல பல் ஈரத்தில் பளபளக்கும், சுண்ணாம்பு வெள்ளை பளபளக்காது. மினுக்குப் புள்ளி அந்த இடத்துக்கு வரும்போது அறுந்துபோக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன விஷயம், ஆனால் அதுதான் நம்ப வைக்கும்.

பல் என்றாலே ஓவியத்தில் வம்புதான். 1787இல் பாரிஸ் கண்காட்சியில் எலிசபெத் விஜே லெ பிரன் என்ற பெண் ஓவியர் தன்னையும் தன் மகளையும் வரைந்து வைத்தார். உதடு சற்றே பிரிந்து பல் தெரிகிறது, அவ்வளவுதான். பண்டைய ஓவியர் எவரும் செய்யாத காரியம் என்று ஊரே பொருமியது. இத்தனைக்கும் அது வெள்ளைப் பல்! உருவப்படத்தில் வாயைத் திறந்து சிரிப்பவர்கள் குடிகாரர்கள், கோமாளிகள், ஏழைகள் என்பது அந்தக் காலத்து எண்ணம். அதனால் உங்கள் மச்சானைத் தனியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் அதைவிடப் பழையது. இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ 1490 வாக்கில் வரைந்த ஒரு கிழவரும் பேரனும், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழவரின் மூக்கு நோயால் புடைத்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் பார்க்கிற நமக்கு மூக்கு இரண்டாவதாகத்தான் தெரியும். பேரன் அண்ணாந்து அவரைப் பார்க்கிற பார்வை முதலில் இழுத்துக்கொண்டுவிடும். உங்கள் ஓவியத்தில் அந்தப் புளி அப்பிய கை இருக்கிறதா? பாதியில் நின்ற கை? கழுத்தோடு வெட்டியிருந்தீர்களானால் அதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். கை இல்லாவிட்டால் அது பல்லின் படம். கை இருந்தால் அத்தையின் படம்.

பேனர்க்கார ஐயா சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். இரண்டு வரைந்து ஒன்றைப் பெட்டியில் வைப்பது ஓவியனுக்கு வசதி, அத்தைக்கு அதில் ஒன்றுமில்லை. அதேபோல, உண்மையை வரைந்தேன் என்ற பெருமையும் பாதிதான் உதவும். சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்கு 1954இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஓவியர் கிரஹாம் சதர்லேண்டை வரைய வைத்துப் பரிசளித்தது. சர்ச்சிலுக்குத் தன் முதுமையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிறகு அதை எரித்துவிட்டார்கள். எரித்தது தவறு என்று நாம் சொல்லலாம். ஆனால் முகம் அவருடையது.

காட்டுவதற்கு முன் ஒரு பழைய உத்தி. ஓவியத்தைக் கண்ணாடியில் பாருங்கள். லியொனார்டோ டா வின்சியே சொல்லியிருக்கிறார். இடம் வலம் மாறியதும் கோணல்கள் பளிச்சென்று தெரியும்.

பழைய பேனர்க்காரன், கிருஷ்ணகிரி:

சர்ச்சில், லூவர் எல்லாம் சரி. அந்த மூக்குக் கிழவர் படத்துக்கு யாராவது முன்பணம் கொடுத்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

கையை வரையச் சொன்னது நல்ல யோசனை. கை வரைவது கஷ்டம். அதனால்தான் நாங்கள் எல்லோருக்கும் மாலை போட்டு மறைத்தோம்.

பாலக்கோடு தூரிகை:

பதினேழு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பென்னாகரத்துக்காரி கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. காட்டவில்லை. பயம்தான் காரணம்.

கை ஓவியத்தில் இல்லை. தோளோடு நிறுத்தியிருந்தேன். கேன்வாஸின் கீழ்ப்பகுதியில் சேலை மடிப்பு வரைந்திருந்த இடத்தைச் சுரண்டி, கையைக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் அதற்கே போயிற்று. புளியின் நிறமும் பல்லின் பழுப்பும் ஒரே குடும்பம் என்பது பூசும்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே கலவையைத்தான் எடுத்தேன். அதன் பிறகு பல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் பென்னாகரம் போனேன். மச்சானும் ஓசூரிலிருந்து வந்திருந்தார். திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அத்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் பல்லைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். சொன்னார். ஆனால் நான் நினைத்ததை அல்ல.

"பள்ளம் இந்தப் பக்கம் இல்லையே?" என்றார்.

இடது கையை நீட்டி ஓவியத்தின் இடது ஓரப் பல்லைத் தொட்டுக் காட்டினார். "இதில் வரவேண்டியதை அதில் போட்டுவிட்டாய்." எனக்குப் பகீரென்றது. கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எதிரே நின்று பார்க்கிற நமக்கு அத்தையின் இடது பல் வலப்பக்கம்தானே வரும்? நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தப் பக்கம்தான் பள்ளம்" என்கிறார் மறுபடியும். அப்போதுதான் புரிந்தது. தன் பல்லை அவர் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறார். திறந்த வாயோடு ஒரு புகைப்படம் இருந்திருந்தால் மற்றவர்கள் பார்க்கிற பக்கம் தெரிந்திருக்கும். அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லையே.

கோட்டோவியன் சொன்ன கண்ணாடி நினைவுக்கு வந்தது. உள்ளே போய், பவுடர் டப்பா வைக்கிற பலகையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துவந்தேன். ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அத்தையை முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார வைத்து, கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னேன். ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிந்தன. ஓவியத்தில் இருக்கிற பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைப் பார்க்க வாயைத் திறந்தார். அகலமாக. உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தார். மச்சான் எதிரே நிற்கிறார், பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். அத்தைக்கு அது எதுவும் நினைவில்லை. "ஆமாம், சரியாகத்தான் போட்டிருக்கிறாய்" என்றார்.

மச்சான் வெள்ளைப் பேச்சை எடுத்தார். அத்தை, "எதற்கு? என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பல் தெரியாதா?" என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் நான் வெற்றியோடு பஸ் ஏறியிருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டாதே. உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள் பார்த்தால் போதும்" என்றார். மச்சான் அதற்குச் சம்மதித்துவிட்டார். சம்மதித்த கையோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். காதில் இருக்கிற சாதாரணத் தோட்டை எடுத்துவிட்டு ஏழு கல் தோடு போட வேண்டும். அத்தையிடம் ஏழு கல் தோடே கிடையாது. என் நேர்மை எல்லாம் திரண்டு எழ, அத்தையைப் பார்த்தேன். அத்தை சும்மா இருந்தார். அப்புறம், "கல் வெள்ளைக் கல்லாக இருக்கட்டும்" என்றார்.

எனவே இப்போது இரண்டு சந்தேகங்கள். வெள்ளைக் கல் தோடு நான் வரைந்ததே இல்லை. அடுத்து, தை மாதத்துக்குள் வார்னிஷ் அடிக்கலாமா?

கோட்டோவியன்:

அடிக்க வேண்டாம். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். இப்படியே மாட்டச் சொல்லுங்கள். அடுத்த புளி சீசனுக்குப் பிறகு நீங்களே ஓசூர் போய் அடித்துக் கொடுங்கள்.

பென்னாகரத்துக்காரி:

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த அக்காவுக்கு என்ன பல் என்று கவனித்தீர்களா?

பழைய பேனர்க்காரன், கிருஷ்ணகிரி:

தோட்டுக்கு நான் சொல்கிறேன், இது என் பாடம். ஏழு கல்லையும் வெள்ளையாக வைத்தால் காதில் பொரி ஒட்டியது போல இருக்கும். எல்லாக் கல்லையும் சாம்பல் நிறத்தில் போடு. அதில் இரண்டில் மட்டும், திண்ணை வெளிச்சம் வருகிற பக்கம், ஊசி முனையால் வெள்ளை வை. மூன்றாவதில் வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதே.